மேல் வரியில் ஒரு பெயர்

“…எடுத்தாச்சுன்னு மட்டும் போட்டா பத்தாது பாய். ஏன் எடுத்தோம்னும் போடணும். நாளைக்கு எவனாவது தொறந்து படிச்சான்னா அவனுக்கு விஷயம் தெரிய வாணாமா?” என்றாள் அந்தப் பெண், விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்தபடி. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் சென்னையிலிருந்து பஸ் ஏறி வந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். எடுக்கப்பட்ட பெயர் அவருடையது. இருவருக்கும் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு திருப்தியாக நான் நின்ற இடங்கள் என் வாழ்க்கையில் குறைவு.

இடம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் நடத்திவந்த பிரவுசிங் சென்டர். அப்பாவின் இரும்புக்கடையில் பாதியைத் தடுத்து உருவாக்கியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆணி, தாழ்ப்பாள், கிணற்றுக் கயிறு. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர்கள். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். சாதிச் சான்றிதழுக்கு மனு அடிக்க வந்த ஒரு கூலிக்காரப் பெரியவர், திரையில் தன் பெயர் தமிழில் விழுவதைப் பார்த்துவிட்டு, “இன்னா பாய், உள்ள யாராச்சும் குந்திக்கினு எழுதறாங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு முழுவதும் அந்த வாக்கியத்தை எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். அப்படி எழுதுகிறவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருப்பதுதான் அந்த வருடங்களில் என் வேலை.

யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் இயங்குதளம். உலகம் முழுக்க ஆட்கள் சும்மாவே அதற்காக உழைத்தார்கள். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொதி இருக்கும். எழுத்து அழகாகத் தெரிய ஒரு பொதி, தட்டச்சுச் செய்ய ஒரு பொதி, எழுத்துப்பிழை பார்க்க ஒரு பொதி. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு காப்பாளர். அதில் எது உடைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தமிழுக்கான பொதிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. தட்டுகிற பொதியில் ஒருவர் கைவைத்தால் எழுத்துக் காட்டுகிற பொதி இன்னொருவர் வீட்டில் அழும். ஆகவே எல்லோரிடமும் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. நிரல் எழுதத் தெரியாது, பேசத் தெரியும் என்ற ஒரே தகுதியில் அந்த வேலை எனக்கு வந்தது.

பேசுவது சாதாரண வேலை இல்லை. பிழைதிருத்தி வைத்திருந்தவர் கூரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் காலையில் எதையும் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்பார், செய்ய மாட்டார். சாயங்காலம், பிள்ளைகள் மேல் இருக்கிற கோபத்தோடு வீடு திரும்பியவுடன் போன் செய்தால், “முடியாது பாய், எனக்கு வேற பொழப்பு இல்லியா” என்று கத்துவார். கத்திய வேலையைக் கட்டாயம் முடித்துவிடுவார். நான் சாயங்காலத்தில்தான் கேட்பேன்.

எழுத்துருவின் காப்பாளர்தான் அந்தப் பெண். வாலாஜாபாத்தில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை. வீடு எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு வந்து, ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் வரைந்தாள். ‘ழ’வின் வாலை வளைத்து முடிப்பதற்குள் ஒரு மழைக்காலமே போனது. வாய் மட்டும் சும்மா இருக்காது. “கல்யாணப் பத்திரிகை அடிக்க வர்றவன்லாம் பொண்ணு பேரைச் சின்னதாப் போடு, மாமன் பேரைப் பெருசாப் போடுன்றான் பாய். நான் வரையிற எழுத்துல எல்லாப் பேரும் ஒரே அளவுதான், போ” என்பாள்.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் பொதியில் இன்னொருவர் கைவைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சின்னப் புள்ளியை நகர்த்தினாலும் சரி. ஏன் என்றால், சம்பளம் இல்லாத இந்த வேலையில் காப்பாளருக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான்: பொதியின் விவரத்தில் மேல் வரியில் இருக்கும் அவர் பெயர். அதுதான் கூலி. தன் பெயர் முதல்முதலாக அந்த வரியில் வந்த அன்று அவள் அம்மாவையும் கடைக்கு அழைத்துவந்து திரையைக் காட்டினாள். களையெடுத்த கையால் திரையைத் தொடப் பயந்து, கையை முந்தானையால் துடைத்துவிட்டுத் தொட்டார் அந்த அம்மா.

தட்டச்சுக்கான விசைப்பலகைப் பொதியை வைத்திருந்தவர்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதர். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை. நல்ல இங்கிலீஷ். கூட்டங்களில் அவர்தான் மேடை ஏறுவார். என்னை “நம்ம பாய்” என்று தோளைத் தட்டி மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வார். அப்படித் தட்டிய கையை அப்போதே தள்ளிவிட்டிருக்கலாம் என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் யாரிடமும் ஒரு வார்த்தையும் கேட்காமல், அவளுடைய எழுத்துருவைத் தூக்கித் தன் விசைப்பலகைப் பொதிக்குள் போட்டுக்கொண்டார். பயன்படுத்துகிறவர்களுக்கு வசதியாம், ஒன்றை நிறுவினால் இரண்டும் வரும். புதுப் பொதி வந்து உட்கார்ந்தால் அவளுடைய பழைய பொதியைத் தானாகவே தூக்கி வெளியே போட்டுவிடும்படியும் எழுதியிருந்தார். மேல் வரியில் அவர் பெயர் மட்டும். கீழே எங்கேயோ ஒரு மூலையில் ஒரு வரி: உள்ளூர் டி.டி.பி. ஆப்பரேட்டர் ஒருவர் வரைந்ததை அடிப்படையாகக் கொண்டது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நாங்கள் கொடுத்துவைத்திருந்தோம். எடுத்துக்கொள்ளலாம், வரைந்தவர் பெயரை அழிக்கக் கூடாது. அதுவும் எழுத்துருவோடு கொடுத்த உரிமத் தாளில்தான் எழுதியிருந்தது. நான் எங்கள் மெயில் குழுவில் எழுதிக் கேட்டேன். அவர் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதினார். இந்தப் பொதிக்குத் தொழில் தெரிந்த காப்பாளர் வேண்டும் என்றும், உத்திரமேரூரில் கரென்ட் போனால் மெயிலுக்குப் பதில் வருவதற்குள் அடுத்த பதிப்பே வந்துவிடும் என்றும். பக்கத்தில் ஒரு சிரிப்புப் படம். வெளிநாட்டில் இருந்த இயங்குதள மேலாளர்கள், உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளிடம் காட்டினேன். பேசாமல் படித்தாள். அவள் பேசாமல் இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு கேட்டாள்: “ஆப்பரேட்டர்னா இன்னா பாய், பேரே கெடையாதா?”

“நான் திரும்ப எழுதறேன்மா. நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்.”

“கேக்காதீங்க. மேல அவர் பேருதான கீது? வர்றதெல்லாம் அவரே வாங்கிக்கட்டும்.”

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது.

அந்த எழுத்துருவில் ஒரு குறை இருந்தது. சிறிய அளவில் அச்சடித்தால் கொம்பு எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ‘கெ’யும் ‘செ’யும் கறுப்புப் பூச்சி மாதிரி விழும். அதை அவள் சரிசெய்து முடித்திருந்தாள். வெளியிடுவதற்குள்தான் அவர் பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சரிசெய்தது என் கடையில் அவள் உட்காருகிற கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

மலேசியாவில் ஒரு பள்ளிக்கூடம், யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகம், கனடாவில் ஒரு மாதப் பத்திரிகை. இவர்கள் எல்லோரும் முன்பு எங்களுக்கு எழுதுவார்கள், நாங்கள் சரிசெய்து கொடுப்போம். இப்போதும் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் நான் உட்கார்ந்து அன்பாகப் பதில் போட்டேன். வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தேன். காப்பாளர் மாறிவிட்டார், மேல் வரியில் இருப்பவர் மிகவும் கெட்டிக்காரர், அவருக்கு எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் தயங்காமல் மறுபடியும் எழுதுங்கள். அச்சே கெடுகிறது, ஆகவே புகாரைக் ‘கடுமையானது’ என்று குறிப்பிட மறக்காதீர்கள். ஒரு பொய்யும் சொல்லவில்லை. முறைப்படி நடந்துகொண்டே ஒருவரைப் பழிவாங்குவதில் இருக்கிற ருசி இருக்கிறதே, அது பிரியாணியில்கூடக் கிடையாது.

அவர் தானே சரிசெய்ய முயன்றார். கொம்பை இழுத்துத் தள்ளி வைத்தார். எழுத்து கூரத்தில் இருந்தால் கொம்பு தாமல் ஏரிக்கரையில் போய் நின்றது. புகார்கள் இரண்டு மடங்காயின. நான் ஒவ்வொன்றையும் டீ குடித்துக்கொண்டே படித்தேன்.

அவர் செய்த பெரிய தப்பு வேறு. இரண்டையும் ஒரே பொதியாகக் கட்டியது. ஒவ்வொரு பதிப்பும் வெளிவருவதற்கு முன்னால் கதவடைப்பு என்று ஒரு நாள் உண்டு. அன்றைக்குள் கடுமையான புகார் தீராத பொதி எதுவோ, அதை வெளியே வைத்துக் கதவை மூடிவிடுவார்கள். எழுத்துருவின் புகாருக்காக அவருடைய விசைப்பலகையும் சேர்ந்து வெளியே போகும். அவர் பெயர் பெற்றதே அந்த விசைப்பலகையால்தான். மறுபடியும் பிரிக்கலாம். பிரித்தால் எழுத்துரு தனிப் பொதியாகும், அதற்கு ஒரு காப்பாளர் வேண்டும். அதை வரைந்தவளிடம் போய் அவர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

கடைக்குப் போன் வந்தது.

“பாய், அந்தப் பொண்ணோட நம்பர் கொஞ்சம் குடுங்க.”

“எந்தப் பொண்ணு சார்?”

“அதான் பாய், ஃபான்ட் பண்ணாங்களே.”

“ஓ, அந்த உள்ளூர் ஆப்பரேட்டரா? எங்க ஊர்ல நெறைய ஆப்பரேட்டருங்க கீறாங்க சார். பேரு சொன்னீங்கன்னா தேடிப் பாக்கறேன்.”

போனை வைத்துவிட்டார். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் என் செலவில் டீ.

கூரத்து வாத்தியார்தான் இடையில் வந்தார். “பாய், உங்க கோவம் நியாயம்தான். ஆனா கதவை மூடிட்டான்னா நம்ம பசங்களுக்கு அடுத்த பதிப்பு வரைக்கும் தமிழே கெடையாது. என் பிழைதிருத்தியும் சும்மா கெடக்கும். விட்டுக்குடுத்துடலாமே.”

“யாரு வாத்தியாரே விட்டுக்குடுக்கணும்? பேரு போனவளா?”

வாத்தியார் சொன்னது என்னைத் தொடாமல் இல்லை. ஆனால் அந்தத் தாய் முந்தானையால் துடைத்துவிட்டுத் தொட்ட திரை என் கடைத் திரை. அடுத்த பதிப்பு எப்படியும் வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கதவடைப்பு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து அவர் இறங்கி, ரோட்டைக் கடந்து, நேராக என் கடைக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து ஏதோ பத்திரிகை வேலை செய்துகொண்டிருந்தாள். அவர் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, டீ சொன்னேன். என்ன விரோதம் இருந்தாலும் கடைக்கு வந்தவருக்கு டீ கொடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் வளரவில்லை.

அவர் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். “உங்க ஊர்க் கல்வெட்டு ரொம்ப ஃபேமஸாச்சே பாய். எந்தப் பக்கம்? அப்படியே பாத்துட்டுப் போலாம்னு.”

“அந்தா, கொஞ்ச தூரம்தான் சார். போய்ப் பாருங்க. அதுல போட்ட பேரை இன்னிவரைக்கும் யாரும் அழிக்கல.”

அவள் சிரிப்பை அடக்கத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு அவள் யார் என்று புரிந்தது.

“நீங்கதானா… ஸாரிங்க. அது ஏதோ அவசரத்துல நடந்துபோச்சு. நீங்க சரிபண்ணி வெச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அதை மட்டும் குடுத்தீங்கன்னா, இன்னிக்கே ஏத்திடலாம். துணைக் காப்பாளர்னு உங்க பேரும் போட்டுடறேன்.”

“துணைன்னா எங்க வரும் சார்?”

“எனக்கு அடுத்த வரியில.”

“நான் வரைஞ்சதுல நான் உங்களுக்குத் துணையா?” என்று கேட்டுவிட்டு, அவள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரென்ட் போனது. யு.பி.எஸ். அவளுடைய ஒரு கம்ப்யூட்டரையும் மோடத்தையும் மட்டும் தாங்கும். மின்விசிறி நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எப்ப வரும் பாய்?”

“தெரியாது சார். எங்க ஊரு அப்படித்தான். நீங்களே எழுதியிருந்தீங்களே.”

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறியது. “இங்க பாருங்க, இது வெளிய போச்சுன்னா என்னோடது மட்டும் இல்ல, உங்க ஃபான்ட்டும்தான் போவுது. யாருக்கும் லாபம் இல்ல.”

“போவட்டும் சார்,” என்றாள் அவள், திரும்பாமல். “என் பேருதான் முன்னாடியே பூட்ச்சே. உங்களுக்குத்தான் இன்னிக்குப் புதுசாப் போவுது.”

அவர் எழுந்து வெளியே போனார். ஒரு செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றியது, கிளம்பியது. அவர் ஏறவில்லை. நான் பார்க்காதவன் போல ஆணிகளைத் தராசில் போட்டுக்கொண்டிருந்தேன். போய்விடக் கூடாது என்று நினைத்தேனா, போகட்டும் என்றா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்தார். “என்ன செய்யணும், சொல்லுங்க.”

எங்கள் வழக்கத்தில் ஒரு காப்பாளர் பொதியை விடுவதாக இருந்தால், குழு முழுவதும் பார்க்கும்படி தானே எழுத வேண்டும். அவள் எழுந்து அவருக்கு இடம் விட்டாள். அவர் தட்டினார். நேரமின்மை காரணமாக எழுத்துருவை விடுவிக்கிறேன் என்று.

“நேரமின்மை வாணாம் சார். எடுத்துக்கறதுக்கு நேரம் இருந்துச்சே” என்றாள் அவள்.

அந்தச் சொல்லை அழித்தார். எழுத்துருவைப் பிரித்து, வரைந்தவரிடமே திருப்பித் தருகிறேன் என்று எழுதி அனுப்பினார். எனக்கு அது போதவில்லை. அவள் காதருகே குனிந்து, “கீபோர்டையும் கேளும்மா. இப்ப கேட்டா குடுத்துடுவாரு” என்றேன். மனதுக்குள் அதற்கும் ஒரு காப்பாளரை நான் தேடி வைத்திருந்தேன்.

“வாணாம் பாய். அது அவரு செஞ்சது. அடுத்தவங்க செஞ்சதுல என் பேரு எதுக்கு?” என்றாள், அவருக்குக் கேட்கும்படியாகவே. நான் கேட்டு வாங்கக்கூடிய எதையும்விட அது அவரை அதிகமாகச் சுட்டது. காது நுனி சிவந்ததை நான் பார்த்தேன்.

அவள் மறுபடியும் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சரிசெய்த எழுத்துருவைத் தனிப் பொதியாகக் கட்டினாள். மேல் வரியில் தன் பெயரை அடித்தாள். கரென்ட் இன்னும் வரவில்லை, யு.பி.எஸ். கீச்சு கீச்சென்று கத்தத் தொடங்கியிருந்தது. மிச்சம் இருந்தது மாற்றக் குறிப்பு ஒன்றுதான். பொதியில் ஒவ்வொரு முறை கைவைக்கும்போதும் என்ன மாற்றினோம் என்று எழுதிவைக்கிற குறிப்பு. பொதியோடு சேர்ந்து அது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போகும். பிறகு வருகிறவர்கள் அதற்கு மேலே எழுதலாம். கீழே இருப்பதை யாரும் எடுப்பதில்லை. பழைய காப்பாளர் பெயர் நீக்கப்பட்டது என்று அவள் அடித்து நிறுத்தினாள். “போதும்மா, ஏத்திடு. யு.பி.எஸ். போயிடும்” என்றேன். அப்போதுதான் அவள், எடுத்தாச்சு என்று மட்டும் போட்டால் பத்தாது என்றாள்.

அடித்தாள். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக. பிறகு மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

“எழுத்துப்பிழை இன்னா கீதுன்னு பாருங்க சார். சத்தமாப் படிச்சுக் காட்டுங்க, பாய்க்கும் கேக்கட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

“பழைய காப்பாளர் பெயர் நீக்கப்பட்டது. காரணம், இந்த எழுத்துருவை அவர் வரையவில்லை. வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.”

யு.பி.எஸ். விடாமல் கத்தியது.

“பிழை இல்லை,” என்றார்.

“நல்லாப் பாத்தீங்களா? அப்பறம் மாத்த முடியாது.”

“இல்லைங்க.”

அவள் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பி எண்டரைத் தட்டினாள்.